புழுக்கத்துக்கு எந்தத் துணி? வண்ணாரப்பேட்டை தையல் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் 18 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பங்குனி பாதி ஆனதும் அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான்: "அக்கா, புழுங்காத மாதிரி எதுல தைக்கலாம்?" மிஷினில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் காட்டன்தான் போடுகிறேன். அப்புறமும் ஏன் கசகசவென்று இருக்கிறது?

நம் பக்கத்தில் வெயிலைவிடக் காற்றில் இருக்கிற ஈரம்தான் பெரிய தொல்லை. உடம்பு வியர்ப்பதே குளிர்வதற்காக. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். ஆனால் அது ஆவியாக வேண்டும். வழிந்து சொட்டினால் பிரயோஜனம் இல்லை. வேலூரில் 40 டிகிரி அடித்தாலும் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். காசிமேட்டில் 34 டிகிரியிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கிறது, வியர்வை போவதற்கு இடமில்லை.

பருத்தி ஈரத்தை வாங்கிக்கொள்ளும், அது நல்லதுதான். ஆனால் வாங்கியதைச் சீக்கிரம் விடாது. கெட்டி காட்டன் என்றால் பத்து மணிக்கு நனைந்தது மதியம் வரை நனைந்தபடியே கனத்துக் கிடக்கும். அதனால் "காட்டனா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். துணி எவ்வளவு மெல்லிசு, நெசவுக்குள் காற்று நுழையுமா, உடம்புக்கும் துணிக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டி காட்டனில் பிடித்துத் தைத்த சுடிதாரைவிட, சுமாரான கலப்புத் துணியில் தொளதொளவென்று தைத்தது எவ்வளவோ மேல். 18 வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

மெல்லிசு என்றால் எவ்வளவு மெல்லிசு? கடையில் என்ன பேர் சொல்லிக் கேட்பது?

நூலுக்குக் கவுன்ட் உண்டு. எண் ஏற ஏற நூல் மெலியும். 40 கவுன்ட் வேட்டியையும் 100 கவுன்ட் வேட்டியையும் ஒரே நேரத்தில் கையில் பிடித்துப் பார்த்தால் சொல்லாமலே புரியும். புழுக்கத்துக்கு 60 கவுன்டுக்கு மேல் நல்லது. 80 இன்னும் சுகம், ஆனால் கொஞ்சம் பார்த்துத் துவைக்க வேண்டும்.

பெண்களுக்கு வாயில் (voile), மல்மல் என்ற இரண்டு மெல்லிய காட்டன் ரகங்களையும் முதலில் சொல்வேன். வாயில் துணிக்கு நூலை நன்றாக முறுக்கி நெய்வார்கள், அதனால் மெல்லிசாக இருந்தாலும் உடம்பில் படியாமல் கொஞ்சம் நின்றுகொள்ளும். மல்மல் அதைவிட மிருது, ஆனால் வியர்த்தால் ஒட்டும். நிழலில், வீட்டில் போட மல்மல், வெளியே போக வாயில் என்று வைத்துக்கொள்ளலாம். கேம்ப்ரிக் நடுத்தரம். பாப்ளின் நெருக்கமான நெசவு, உள்பாவாடைக்கு உழைக்கும், மேலுக்கு வேண்டாம்.

கடையில் துணியை ஒரு மடிப்பு மட்டும் பிரித்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் காற்று போகும். பிறகு வாயருகே வைத்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் மூச்சு படவேண்டும். கடைக்காரர் பார்ப்பார், பார்க்கட்டும். போட்டுக்கொண்டு நடக்கப்போவது நீங்கள்.

'பியூர் காட்டன்' என்று சொல்லித் தருகிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நெருப்பு வைத்துப் பார்ப்பதுதான் வழி. துணி ஓரத்தில் பாவு நூல் (நீளவாட்டில் ஓடுவது) இரண்டு, ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) இரண்டு தனித்தனியாக உருவுங்கள். இரண்டையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், சில துணிகளில் பாவு ஒரு ரகமாகவும் ஊடை வேறு ரகமாகவும் இருக்கும். நூலை முறுக்கித் தீக்குச்சி காட்டினால், பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு மளமளவென்று எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாகக் கெட்டி மணி போல நிற்கும், நகத்தால் நசுக்க முடியாது. கலப்பு என்றால் எரியவும் செய்யும், கடைசியில் குறுகுறுவென்று மணியும் கையில் தட்டும். பட்டு, கம்பளி இரண்டும் முடி பொசுங்குகிற நாற்றம் தரும். இதைக் கடை வாசலுக்கு வெளியே வந்து, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. ரேயானும் பருத்தி மாதிரியே எரியும், ஏனென்றால் அதுவும் மரக்கூழிலிருந்து எடுப்பது. அதைப் பிரித்தறிய நூலை எச்சில் தொட்டு நனைத்து இழுங்கள். ரேயான் நனைந்தால் பலம் இழந்து பட்டென்று அறுந்துவிடும். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும், இழுக்க விரல் வலிக்கும்.

ரேயான் குர்தி, ரேயான் நைட்டி பரவாயில்லையா?

பரவாயில்லை. தொட்டால் சில்லென்று இருக்கும், ஈரத்தையும் பருத்தியைவிட அதிகமாகவே வாங்கும். ஆனால் நனைந்தால் கனத்துத் தொங்கி, காலைச் சுற்றிக்கொள்ளும். வீட்டில் ஃபேன் அடியில் இருக்கிறவர்களுக்குச் சரி. திருவொற்றியூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு பாரிமுனை வரை போகிறவர்களுக்குக் கைத்தறிக் காட்டன்தான் சொல்வேன். துவைக்கும்போது ரேயானை முறுக்கிப் பிழியாதீர்கள், சொன்னேனே, ஈரத்தில் அதற்குப் பலம் கிடையாது.

லினன் வாங்க முடிகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். கசங்கும், அது அதன் குணம். ஆண்கள் சட்டைக்கு அதைவிட நல்ல துணி நான் பார்க்கவில்லை.

அப்படியானால் பாலியஸ்டரே ஆகாதா? விளையாட்டு டி-ஷர்ட் எல்லாம் அதில்தானே வருகிறது?

நல்ல கேள்வி. பாலியஸ்டர் நூல் ஈரத்தைத் தனக்குள் இழுக்காது. சாதாரண ஈரப்பதத்தில் 100 கிராம் உலர்ந்த பருத்தி 8 கிராமுக்கு மேல் ஈரம் வாங்கினால், 100 கிராம் பாலியஸ்டர் அரை கிராம் கூட வாங்காது. அதனால்தான் சாதாரணப் பாலியஸ்டர் சட்டைக்குள் வியர்வை தோலிலேயே தேங்கி நிற்கிறது. விளையாட்டு டி-ஷர்ட் வேறு. கண் கண்ணாகப் பின்னியிருப்பார்கள், நூலும் பொடி இழைகள் சேர்ந்தது. வியர்வை அந்த இழைகளுக்கு இடையே ஓடி வெளிப்பக்கம் பரவிக் காயும். வியாசர்பாடியில் பந்து விளையாடுகிற பிள்ளைகளுக்கு அதுதான் சரி. ஓடுகிறார்கள், காற்று படுகிறது, ஆட்டம் முடிந்ததும் கழற்றுகிறார்கள். அதையே போட்டுக்கொண்டு பகல் முழுக்கக் கடையில் உட்கார்ந்தால் நாற்றம் பிடித்துக்கொள்ளும். பாலியஸ்டரில் வியர்வை எண்ணெய் ஒட்டினால் லேசில் போகாது.

ப்ளவுஸ்தான் பெரிய கொடுமை. முதுகும் அக்குளும் நனைந்து ஊறிப்போகிறது. என்ன செய்வது?

இது நான் நாள் முழுக்கப் பார்க்கிற விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெயில் காலத்துக்கு லைனிங் இல்லாமல் தையுங்கள். டூ பை டூ ரூபியா துணி அதற்கென்றே இருக்கிறது, கெட்டியாகவும் இருக்கும், லைனிங் கேட்காது. லைனிங் கட்டாயம் வேண்டும் என்றால் காட்டன் லைனிங்தான். மலிவாகக் கிடைக்கிறது என்று பளபளக்கிற சாட்டின் லைனிங் கொடுத்தால் மேலே எவ்வளவு நல்ல துணி இருந்தாலும் வீண், ஏனென்றால் உடம்பைத் தொடுவது உள்துணி. முன்பக்கம் மட்டும் லைனிங் வைத்து, முதுகையும் கையையும் விட்டுவிடலாம். எந்தத் தையல்காரரும் செய்து தருவார், கேட்கத்தான் வேண்டும்.

அடுத்தது ஆம்ஹோல், அதாவது கை பொருத்துகிற வளைவு. பலர் "டைட்டா வைங்க" என்பார்கள். அக்குளில் இறுக்கினால் முதலில் நனைவதும் அங்கேதான், நைந்து கிழிவதும் அங்கேதான். அரை அங்குலம் விட்டாலே போதும். போன சித்திரையில் மீன் மார்க்கெட்டில் வேலை செய்கிற ஒரு அம்மா கொண்டுவந்த ப்ளவுஸில் அக்குள் பக்கம் உப்புப் பூத்து வெள்ளை வளையமாக, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையம் இருந்தது. துணி அட்டை மாதிரி விறைத்திருந்தது. அந்த இடத்தை வெட்டியெடுத்து, பழைய மல்மல் துப்பட்டாவில் சாய்சதுரமாக இரண்டு துண்டு வெட்டி ஒட்டாக வைத்துத் தைத்தேன். கையைத் தூக்கினால் பிடிக்காது, காற்றும் போகும். "கூடை தூக்க இப்பதான் கை வருது" என்று சொல்லி மீதி நாலு ப்ளவுஸையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிள்ளைகளின் சட்டையிலும் இந்த ஒட்டு வைக்கலாம்.

தைப்பதற்கு முன்னால் காட்டன் துணி, லைனிங் இரண்டையும் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சுருங்கி, நான் விட்ட அரை அங்குலமும் போய்விடும்.

புர்கா போடுகிறோம். கறுப்பு நிறம், மேலும் ஓர் அடுக்கு. எப்படிச் சமாளிப்பது?

மண்ணடி, ராயபுரம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் கேட்பது. கறுப்பு வெயிலை அதிகம் வாங்கும், அது உண்மை. ஆனால் 1980இல் வெளியான ஓர் ஆய்வில், பாலைவன நாடோடிகள் அணிகிற தொளதொள அங்கியைக் கறுப்பிலும் வெள்ளையிலும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தோல் வரை வந்த சூடு இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. கறுப்புத் துணி வாங்கிய கூடுதல் சூட்டை, துணிக்கும் உடம்புக்கும் நடுவே ஓடிய காற்று வெளியே கொண்டுபோய்விட்டது. அது உலர்ந்த காற்று, நம்முடையது ஈரக்காற்று, அதனால் அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் தொளதொளப்புதான் முக்கியம் என்பது இங்கும் சரிதான்.

புர்கா துணி பெரும்பாலும் பாலியஸ்டர் ரகம்தான். அதில் மெல்லிசாக, விழுந்து நிற்கிற மாதிரி எடுங்கள். சுற்றளவை இரண்டு மூன்று அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்லுங்கள். உள்ளே சுடிதார், லெக்கிங்ஸ் என்று முழு உடுப்பு போடாமல் கையில்லாத மெல்லிய காட்டன் ஸ்லிப்பும் தொளதொள பேண்ட்டும் போதும். தலைக்குள் போடுகிற குல்லா காட்டனில் இருக்கட்டும். அதை மட்டும் மதியம் ஒருமுறை மாற்றினால் பாதிப் பாரம் இறங்கின மாதிரி இருக்கும்.

வெளியே வெள்ளை போடுவதா, அடர் நிறமா?

நேர் வெயிலில் வேலை என்றால் வெளிர் நிறம். நிழலில், ராத்திரியில் நிறத்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆண்களுக்கு? சட்டைக்குள் பனியன் போடலாமா? ஜீன்ஸ்?

நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, சட்டையும் மெல்லிசு என்றால் பனியன் வேண்டாம், ஓர் அடுக்கு குறையட்டும். சட்டை கலப்புத் துணியாக இருந்தால் மெல்லிய கையில்லாத காட்டன் பனியன் போடுங்கள், வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். மதியம் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வேலைக்குப் போகிறவர்கள் நனைந்த சட்டையோடு ஏ.சி.யில் உட்கார்ந்து இருமலோடு வருகிறார்கள். ஸ்டேஷனில் ஒரு துண்டால் முதுகைத் துடைத்துவிட்டு ஏறுங்கள்.

ஜீன்ஸ் துணி பெரும்பாலும் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராமுக்கு மேல் கனம். சட்டைத் துணியைப்போல இரண்டு, மூன்று மடங்கு. நனைந்தால் ஒரு நாளில் காயாது. சித்திரை, வைகாசியில் காட்டன் பேண்ட் போடுங்கள். வீட்டுக்கு வந்தால் கைலிதான். கீழே திறந்து, இடுப்பில் மட்டும் பிடித்து, நடக்க நடக்கத் தானே விசிறிக்கொள்கிற உடுப்பு அது. இந்த ஊருக்கு அதைவிடப் பொருத்தமாக யாரும் ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை.

வெல்டிங் வேலை, டீக்கடை வேலை. மெல்லிசாக, சீக்கிரம் காய்கிற சின்தெடிக் போடலாமா?

வேண்டவே வேண்டாம். பாலியஸ்டரும் நைலானும் நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், காயம் ஆழமாகும். பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. நெருப்புப் பக்கத்தில் நிற்கிறவர்கள் கொஞ்சம் புழுங்கினாலும் கெட்டி காட்டன்தான் போட வேண்டும். வீட்டில் அடுப்படியில் நிற்கிற பெண்களுக்கும் இதையே சொல்கிறேன். வழவழ நைட்டியோடு கேஸ் அடுப்பைத் தாண்டிக் கை நீட்டாதீர்கள், மேலே போட்ட துப்பட்டாவையும் எடுத்துச் சொருகுங்கள்.

காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டால் புழுங்குமா?

கெட்டிக் கஞ்சி போட்டால் நெசவின் கண்கள் அடைபட்டுப் புழுங்கும். தண்ணீராகக் கரைத்த கஞ்சி போட்டால் புடவை விறைப்பாக நின்று உடம்பில் ஒட்டாது, காற்று உள்ளே வரும். வடித்த கஞ்சி ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்தாறு பங்கு என் கணக்கு. மழைக்காலத்தில் கஞ்சியே வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

துவைத்த துணியே நாறுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் மோசம். என்ன காரணம்?

துணி மெதுவாகக் காய்ந்தால் அதில் மிச்சமிருக்கிற வியர்வை, சோப்பு அழுக்கில் கிருமி வளர்ந்து அந்த முடை நாற்றம் வருகிறது. நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. கடலோரத்து போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. கட்டிச் சோப்பு அதில் நுரைக்காது, திரிந்து வெள்ளைக் கசடாகத் துணியில் படியும். புது காட்டன் துண்டு நாலு துவைப்பில் சொரசொரவென்று ஆவதற்கும் துணியில் தண்ணீர் ஊறாமல் போவதற்கும் அதுதான் காரணம். போர் தண்ணீரில் பவுடர் போட்டுத் துவையுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) எடுத்து வையுங்கள். குடத்துக்கு எவ்வளவு கஷ்டப்படுகிறோம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். எல்லாத் துணிக்கும் முடியாவிட்டால் உள்ளாடைக்கும் துண்டுக்கும் மட்டுமாவது.

மழைநாளில் கம்பியில் துணிக்குத் துணி ஒரு கை இடம் விட்டு, உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஃபேன் காற்றுக்கு நேராகக் காயப்போடுங்கள். மணலி, எண்ணூர் பக்கம் மொட்டை மாடியில் காயப்போட்டால் தூசு படியும், அங்கேயும் திருப்பிப் போடுவதே நல்லது. அரை ஈரத்தோடு பீரோவில் மடித்து வைக்கவே கூடாது.

வேர்க்குருவும் படர்தாமரையும் துணியால் வருவதா?

துணியால் மட்டும் வருவதில்லை, துணியால் கூடும். வேர்க்குரு என்பது வியர்வைத் துவாரம் அடைபடுவது. இறுக்கத்தைக் குறைத்து, குளித்து, நன்றாக உலரவிட்டாலே பெரும்பாலும் அடங்கும். பவுடரை அப்பிக்கொண்டு மேலே இறுக்கமாக உடுத்தினால் அடைப்பு கூடத்தான் செய்யும்.

படர்தாமரை பூஞ்சையால் வருவது. தொடை இடுக்கு, இடுப்பில் பாவாடை நாடா கட்டுகிற இடம், மார்புக்கு அடியில் என்று ஈரம் நிற்கிற இடத்தில்தான் பிடிக்கும். உள்ளாடையை ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றுங்கள், வெயிலில் காயவைத்து இஸ்திரி போடுங்கள், ஒருவர் துண்டை இன்னொருவர் எடுக்க வேண்டாம். மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கிப் பூசுகிற களிம்பு பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பிறகு முன்னைவிடப் பெரிதாகப் படரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டுங்கள். வீட்டில் இரண்டு பேருக்கு இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போங்கள்.

பிள்ளைகளின் ஸ்கூல் யூனிபார்ம் துணியை நாம் மாற்ற முடியாதே?

முடியாதுதான், அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. என் மகள் படித்த பள்ளியில் கெட்டி டெரிகாட்டன் (பாலியஸ்டர் கலந்த காட்டன்) சுடிதார், அதன் மேல் ஓவர்கோட், ஜூன் மாதத்தில். சாயங்காலம் வந்து கழற்றினால் முதுகெல்லாம் சிவந்திருக்கும். பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் ஆறு பேர் எழுந்து ஓவர்கோட்டை வெயில் முடியும் வரையாவது விட்டுவிடச் சொன்னோம். ஒரு வருடம் கழித்து ஒத்துக்கொண்டார்கள். நீங்களும் கேளுங்கள். தனியாகக் கேட்காமல் சேர்ந்து கேளுங்கள்.

அதுவரைக்கும், தைக்கும்போது மார்புச் சுற்றளவில் நாலு அங்குலம் தளர்வு விடச் சொல்லுங்கள். அடுத்த வருடத்துக்கும் ஆகும். உள்ளே மெல்லிய காட்டன் ஷிம்மி. காலரின் கான்வாஸை எடுத்துவிட்டால் கழுத்து அரிக்காது.

கைக்குழந்தைக்கு?

பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணியில் நாடா வைத்த சட்டை. புதுத் துணியும் லேஸும் போட்டோ எடுக்க மட்டும்.

நல்ல மெல்லிய காட்டன் நம் பக்கத்திலேயே எங்கே கிடைக்கும்?

நம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் கிடைக்காதது இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் துணியைத் தொட்டுப் பார்க்கவே நேரம் இருக்காது. வார நாளில் காலை பதினோரு மணிக்குப் போங்கள். மொத்தமாக, மீட்டர் கணக்கில் வேண்டும் என்றால் சவுகார்பேட்டை. கைத்தறிக்குக் கோ-ஆப்டெக்ஸ். 1935இலிருந்து இருக்கிற கூட்டுறவு அது, கைத்தறி என்றால் கைத்தறியாகவே இருக்கும். கைத்தறியில் நெசவு விசைத்தறி அளவுக்கு இறுகாது, அதனால் காற்று போகும்.

துணி நம் மண்ணுக்குப் புதிதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கப்பலேற்றிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால்தான் இது வண்ணாரப்பேட்டை. காலடிப்பேட்டை என்று சொல்கிறோமே, அது 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த காலெட் பெயரில் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை. அப்போது உலகத்துக்கே போனது இந்தக் கரையின் மெல்லிய பருத்திதான். இங்கே வாழ்கிற நாம் வழவழ பாலியஸ்டரில் வெந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

நைந்துபோன காட்டன் புடவைகளைப் பாத்திரத்துக்குப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள், கொண்டுவாருங்கள். இருபது முறை துவைத்த புடவை அளவுக்கு மிருதுவான துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. உடல் பகுதி நைந்திருந்தாலும் மடிப்புக்குள் போகிற பக்கமும் உள்சுற்றும் நன்றாகவே இருக்கும். அதில் இரண்டு ஸ்லிப், ஒரு தலையணை உறை, மிச்சத்தில் முகம் துடைக்க நாலு கைக்குட்டை வரும். ஓரத்தை மட்டும் மடித்துத் தைக்க வேண்டும், ஓவர்லாக் வேண்டாம், நைலான் நூல் குத்தும். புடவையைத் துவைத்து, கஞ்சி இல்லாமல் கொண்டுவந்தால் வெட்டுவதற்கு எனக்கும் வசதி.